பழைய காரின் வயரிங்கைப் புதுப்பிப்பது எப்படி? முதலில் அளவெடுங்கள்

சென்னையில் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஐப்பசி நெருங்கினால் சொல்லும் குறைகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஹெட்லைட் மஞ்சளாக எரிகிறது. ஹாரன் அடித்தால் விளக்கு மங்குகிறது. வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிடுகிறது. உடனே பேட்டரி மீது பழி விழும். புதுப் பேட்டரி வாங்குவார்கள். சில வாரம் ஓடும். பிறகு பழைய கதை.

அம்பாசடரோ, பிரீமியர் பத்மினியோ, 1961 முதல் நம் ஊரிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ, எதுவாக இருந்தாலும் கோளாறு பெரும்பாலும் மின்சாரம் போய்வரும் வழியில்தான் இருக்கிறது. அன்று போட்ட வயர் மெலிது. கடற்காற்றில் முனைகளில் களிம்பு ஏறியிருக்கிறது. அதற்கு மேல், கைக்குக் கை மாறிய மெக்கானிக்குகள் முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள். வண்டி முழுவதையும் பிரித்துப்போட வேண்டியதில்லை. ஒவ்வொரு சர்க்யூட்டாக எடுத்துக்கொண்டால், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வாசலிலேயே முடிக்கக்கூடிய வேலை இது.

வாங்க வேண்டியவை

ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்), பிளேடு ஃபியூஸ் பெட்டி, வயர், டெர்மினல் (வயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) எல்லாம் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் கிடைக்கும். மல்டிமீட்டருக்கும் சூட்டில் சுருங்கும் ஸ்லீவுக்கும் ரிச்சி தெரு. புதுப்பேட்டையில் பழைய சுவிட்ச், விளக்குக் கூடு, மீட்டர் தேடலாம். கழற்றிய பழைய வயரிங் செட்டை மட்டும் வாங்காதீர்கள். உங்கள் வண்டியில் இருக்கும் அதே முதுமைக்குக் காசு கொடுப்பதாகிவிடும்.

வயரில் ஏமாறுவது எளிது. வீட்டுச் சுவருக்குள் ஓடும் வயரை வண்டிக்குப் போடக் கூடாது. அதிர்வுக்கும் இன்ஜின் சூட்டுக்கும் அது செய்யப்பட்டதல்ல. மெல்லிய இழைகள் பல சேர்ந்த வாகன வயரையே கேளுங்கள். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறமும் உள்ளே வெள்ளையும் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டெர்மினலை வயரில் அழுத்திப் பொருத்தும் நல்ல கிரிம்பிங் கருவிக்குக் கொஞ்சம் அதிகம் செலவழித்தாலும் தவறில்லை. அழுத்தம் முழுமையானால்தான் பிடியை விடும் ராட்செட் வகையே வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது.

படி 1: படம் எடுத்து, பெயர் எழுதுங்கள்

எதையும் கழற்றும் முன் ஃபியூஸ் பெட்டி, டேஷ்போர்டின் பின்புறம், ஹெட்லைட்டின் பின்புறம் ஆகியவற்றைக் கைபேசியில் படம் எடுங்கள். ஒவ்வொரு வயரிலும் சிறு டேப் ஒட்டி, அது எங்கே போகிறது என்று எழுதுங்கள்.

இங்கிலாந்து மாதிரியில் வந்த அம்பாசடர், ஹெரால்டு வண்டிகளில், லூகாஸ் என்ற இங்கிலாந்து மின்கருவி நிறுவனத்தின் வயர் நிறமுறை உதவும். பழுப்பு, பேட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை, சாவி திருப்பினால் உயிர்பெறுவது. பச்சை, சாவிக்குப் பின் ஃபியூஸ் வழியாக வருவது. நீலம் ஹெட்லைட், அதில் வெள்ளைக் கோடு இருந்தால் பிரைட், சிவப்புக் கோடு இருந்தால் டிம். சிவப்பு பார்க்கிங் விளக்கு, கறுப்பு எர்த், அதாவது மின்சாரம் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் வழி. ஆனால் இடையில் யாராவது கையில் கிடைத்த வயரைப் போட்டிருப்பார்கள். நிறத்தைப் பார்த்து ஊகியுங்கள், மீட்டரை வைத்து உறுதிசெய்யுங்கள். பத்மினி இத்தாலிய வழி வந்தது. அதற்கு இந்த நிறமுறை பொருந்தாது.

1960களின் சில வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். அதையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண ரிலேவுக்கு அதனால் தொல்லை இல்லை. ஆல்டர்னேட்டருக்கும் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தந்து பேட்டரியை சார்ஜ் செய்வது) எல்இடி விளக்குக்கும் உண்டு.

படி 2: எவ்வளவு வோல்ட் தொலைகிறது?

பலர் தாண்டிப்போகும் படி இது. மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வைத்து, ஹெட்லைட்டை எரியவிடுங்கள். சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் கறுப்பு முனையை பல்புக்கு மின்சாரம் வரும் டெர்மினலிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்த வோல்ட். அரை வோல்டுக்குள் இருந்தால் நல்லது. பழைய வண்டிகளில் ஒன்றரை வோல்ட் காட்டினாலும் வியப்பதற்கில்லை. அடுத்து பல்பின் எர்த் டெர்மினலுக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே அளவெடுங்கள். அங்கே 0.2 வோல்டைத் தாண்டக் கூடாது. பாசிட்டிவ் எர்த் வண்டியில் இரண்டு அளவுகளும் இடம் மாறும், அவ்வளவுதான்.

ஒரு வோல்ட் போனால் என்ன என்று தோன்றலாம். பல்புக்கு வரும் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்துவிடும். இது தெரியாமல்தான் பலர் 100 வாட் பல்பு வாங்கி மாட்டுகிறார்கள். மெலிந்த வயரில் இன்னும் அதிக மின்சாரம் ஓடி, சுவிட்ச் உருகுகிறது.

எல்லா அளவுகளையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வேலை முடிந்தபின் ஒப்பிட இதுதான் சான்று.

படி 3: எர்த்

செலவு குறைவு, பலன் அதிகம். ஆகவே முதலில் இதைச் செய்யுங்கள். பேட்டரியைக் கழற்றும்போது பாடியோடு இணைந்த முனையை முதலில் எடுக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது அதைக் கடைசியில். மாற்றிச் செய்தால், ஸ்பானர் பாடியில் பட்டு ஷார்ட் ஆகும். இன்ஜின் பக்கம் வேலை செய்யும்போது பெட்ரோல் குழாயில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்; தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பேட்டரியிலிருந்து பாடிக்கு ஒன்று, இன்ஜினிலிருந்து பாடிக்கு ஒன்று எனப் புதிய தடித்த எர்த் பட்டைகள் போடுங்கள். இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால் அதன் பட்டை அறுந்தால் செல்ஃப் மோட்டாரின் மின்சாரம் சோக் கேபிள் வழியாகக்கூடத் திரும்பப் பார்க்கும். கேபிள் சூடாவதைப் பார்த்தவர்கள் உண்டு. பட்டை அமரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி உலோகம் பளிச்சென்று தெரிய வேண்டும். பல் வைத்த வாஷரோடு இறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் வண்டி நிற்கிறதென்றால் வாசலினைக் கஞ்சத்தனம் இல்லாமல் பூசுங்கள்.

படி 4: ஹெட்லைட்டுக்கு ரிலே

60 வாட் பல்பு இரண்டுக்கு சுமார் 10 ஆம்பியர் வேண்டும். பழைய அம்பாசடரில் அந்த மின்சாரம் முழுவதும் டேஷ்போர்டு சுவிட்சுக்குப் போய், காலால் மிதிக்கும் டிம்-பிரைட் சுவிட்சைச் சுற்றிக்கொண்டு முன்னால் வருகிறது. ரிலே போட்டால் சுவிட்ச் கட்டளை மட்டும் கொடுக்கும்; சுமையை ரிலே தாங்கும். அதன் சுருள் கேட்பது கால் ஆம்பியருக்கும் குறைவு.

டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே வேண்டும். ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும். இணைக்கும் முறை:

86: ஹெட்லைட்டுக்கு வந்துகொண்டிருந்த பழைய வயர். டிம் வயர் ஒரு ரிலேக்கு, பிரைட் வயர் மற்றொன்றுக்கு.
85: எர்த்.
30: பேட்டரியிலிருந்து, தனித்தனி 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக.
87: அங்கிருந்து இரண்டு ஹெட்லைட்டுக்கும், 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில்.

ரிலேயில் 87ஏ என்று ஒரு கால் இருந்தால் அதைத் தொடவேண்டாம். ஃபியூஸ்கள் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு முன்னுள்ள வயருக்குப் பாதுகாப்பே கிடையாது. இரண்டு ரிலேக்கும் ஒரே ஃபியூஸ் போட்டுச் சிக்கனம் பிடிக்காதீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் அது போனால் டிம்மும் பிரைட்டும் ஒன்றாக அணையும். ரிலேயின் கால்கள் கீழ்நோக்கி இருந்தால் மழைநீர் தேங்காது. எர்த்தையும் பாடியை நம்பாமல் ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனி வயராகக் கொண்டுவாருங்கள்.

அம்மீட்டர் (பேட்டரிக்குள் போகும், வெளியேறும் மின்சாரத்தைக் காட்டும் மீட்டர்) உள்ள வண்டியில் ஒரு நுணுக்கம். ரிலேக்கான மின்சாரத்தைப் பேட்டரி முனையிலேயே எடுத்தால், விளக்கு போட்டதும் பேட்டரி பலமாக சார்ஜ் ஆவதுபோல அம்மீட்டர் பொய் சொல்லும். டைனமோ (ஆல்டர்னேட்டருக்கு முன் அதே வேலையைச் செய்த பழைய கருவி) அல்லது ஆல்டர்னேட்டர் இருக்கும் பக்கத்திலிருந்து எடுத்தால் சரியாகக் காட்டும்.

இதே முறையில் ஹாரனுக்கும் ஒரு ரிலே. முடிந்ததும் படி 2ஐத் திரும்பச் செய்து நோட்டைப் பாருங்கள்.

படி 5: ஃபியூஸ்

பழைய அம்பாசடரில் கண்ணாடி ஃபியூஸ் இரண்டே இரண்டு. ஹெட்லைட்டுக்குப் பெரும்பாலும் ஃபியூஸே இருக்காது. லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று போட்டிருந்தால் அது எரிந்துபோகும் அளவு; தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். பிளேடு ஃபியூஸில் எழுதியிருப்பதோ தொடர்ந்து தாங்கும் அளவு. ஆகவே 35க்குப் பதில் 35 என்று போட்டால் ஃபியூஸுக்கு முன் வயர் எரியும். வைப்பர், இண்டிகேட்டர், பின் விளக்கு, ஹாரன் என்று பிரித்துத் தனித்தனி ஃபியூஸ் கொடுங்கள். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுற்றிய ஃபியூஸ் எதையாவது பார்த்தால் அங்கேயே நின்று, அந்த சர்க்யூட்டில் என்ன கோளாறு என்று தேடுங்கள்.

படி 6: மற்ற வயர்கள்

பழைய வயரை வளைத்துப் பாருங்கள். உறை வெடித்தால் மாற்ற வேண்டும், நெகிழ்ந்தால் விட்டுவிடலாம். ஒரு நேரத்தில் ஒரு வயர், அதே நிறத்தில். விளக்கு, இண்டிகேட்டருக்கு 1 சதுர மில்லிமீட்டர் போதும். ஈயம் வைத்துப் பற்றவைப்பதை நான் விரும்புவதில்லை. ஈயம் இழைகளுக்குள் ஏறி விறைத்து, அது முடியும் இடத்தில் அதிர்வுக்கு வயர் முறிகிறது. நன்றாகக் கிரிம்ப் செய்து ஸ்லீவ் சுருக்கினால் போதும். கறுப்புப் பிளாஸ்டிக் டேப் அக்னி நட்சத்திர வெயிலில் பசை வடிந்து கழன்றுவிடும். துணி டேப் சுற்றுங்கள். தகரத் துளை வழியாகப் போகும் இடமெல்லாம் ரப்பர் வளையம் கட்டாயம்.

படி 7: முதல் மின்சாரம்

எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, பேட்டரியின் எர்த் முனைக்கும் அதன் கேபிளுக்கும் நடுவே ஒரு 21 வாட் பல்பைத் தொடராக இணையுங்கள். எரியாவிட்டால் நல்லது. பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட்; பல்பு குறுக்கே இருப்பதால் வயர் எரியாது, நிதானமாகத் தேடலாம்.

டைனமோ வண்டியா?

லூகாஸ் சி40 டைனமோ கொடுப்பதே அதிகபட்சம் 22 ஆம்பியர். மழையில் அண்ணா சாலை சிக்னலில் நிற்கும்போது ஏறக்குறைய ஒன்றும் கொடுக்காது. ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்டு இரவில் ஓட்டுவீர்கள் என்றால் ஆல்டர்னேட்டர் வேண்டும். பொருத்தியபின் இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் காட்ட வேண்டும். சார்ஜ் வார்னிங் பல்பு எரிந்துபோயிருந்தால் பல ஆல்டர்னேட்டர்கள் சார்ஜ் செய்யவே தொடங்காது. அதை முதலில் பாருங்கள். டைனமோவின் மின்சாரத்தைக் கட்டுப்படுத்திய பழைய கட்-அவுட் பெட்டியைத் தவிர்த்து இணைப்பதையும், 30 ஆம்பியர் அம்மீட்டரை எடுத்துவிட்டு வோல்ட்மீட்டர் வைப்பதையும் அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள். பேட்டரிக்குப் போகும் முக்கிய வயரை எத்தனை சதுர மில்லிமீட்டரில் போட்டார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பணத்தைக் கொடுங்கள். ஆறுக்குக் குறைவாக இருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.