வெளிநாட்டுக் காரை ஊருக்குக் கொண்டுவரும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் சிங்கப்பூரில் இருந்து ஒருவர் கூப்பிட்டார். சொந்த ஊர் கடையநல்லூர். பதினெட்டு வருடம் அங்கே இருந்துவிட்டு குடும்பத்தோடு ஒரேயடியாக ஊருக்கு வருகிறார். "அண்ணாச்சி, வீட்டுச் சாமானுக்கு கன்டெய்னர் புக் பண்ணிட்டேன். பாதி காலியாத்தான் கெடக்கு. காரையும் அதுலயே ஏத்திட்டா தூத்துக்குடியில எறக்கிரலாம்லா?" என்றார்.

தூத்துக்குடியில் கிளியரிங் வேலையில், அதாவது துறைமுகத்தில் வரும் சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறவன் நான். வீடு பாளையங்கோட்டை. இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. மேலப்பாளையத்தில் இருந்து வரும், தென்காசியில் இருந்து வரும், காயல்பட்டினத்தில் இருந்தும் வரும். பெரும்பாலும் கப்பலுக்குப் பணம் கட்டிய பிறகுதான் வரும். அதுதான் முதல் தவறு. எட்டு வருடம் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போன வண்டியை விட்டுவிட்டு வர யாருக்கும் மனசு வராது, அது புரிகிறது. ஆனால் எட்டு வருடம் ஓடிய வண்டி என்று சொன்ன உடனே பதில் முடிந்துவிடுகிறது. இந்தியாவுக்குள் வரும் பழைய கார், தயாரித்த தேதியில் இருந்து மூன்று வருடத்தைத் தாண்டியிருக்கக் கூடாது.

இதில் தயாரித்த தேதி என்பதைக் கவனிக்க வேண்டும். வாங்கிய தேதியோ பதிவு செய்த தேதியோ கணக்கில் வராது. நான் யாரிடமும் முதலில் ஆர்.சி.யைக் கேட்பதில்லை. வீடியோ காலில் வரச் சொல்லி, டிரைவர் பக்கக் கதவைத் திறந்து காட்டச் சொல்வேன். கதவு மூடும் இடத்தில், நடுத்தூணின் கீழ்ப் பக்கம் ஒரு தகடோ ஸ்டிக்கரோ பெரும்பாலான வண்டிகளில் ஒட்டியிருக்கும். சேஸிஸ் நம்பர் அதில் இருக்கும், சில வண்டிகளில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். மாதம் இல்லாவிட்டால் அந்த சேஸிஸ் நம்பரைக் கொடுத்து கம்பெனியிடம் எழுத்தில் வாங்கிவிடலாம். ஒருமுறை ஒரு தம்பி "இன்னும் ரெண்டே முக்கால் வருஷம்தான் ஆகுது அண்ணாச்சி" என்று அடித்துச் சொன்னார். கதவைத் திறந்து ஃபோனைக் குனிந்து பிடித்தால், தகட்டில் இருந்த மாதம் அவர் வாங்கியதற்கு ஐந்து மாதம் முந்தியது. ஷோரூமில் அத்தனை நாள் நின்ற வண்டி. கணக்கு மூன்று வருடம் இரண்டு மாதம் என்று வந்தது. கப்பல் ஏற்றும் முன்னே தெரிந்ததால் தப்பித்தார்.

அடுத்தது ஸ்டீயரிங். துபாய், சவுதி, கத்தார், குவைத் பக்கம் இருக்கிறவர்களுக்கு இந்த ஒரு வரியே போதும். அங்கே சாலையில் வலது ஓரம் போகிறார்கள், ஸ்டீயரிங் இடது பக்கம். பழைய காராக இங்கே இறக்குமதி செய்ய ஸ்டீயரிங் வலது பக்கம்தான் இருக்க வேண்டும். "இங்க வந்து மாத்திக்கிடலாம்" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். கம்பெனி செய்த அமைப்பை மாற்றிய வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவே குறுக்கே வந்து நிற்கும்.

சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், ஆஸ்திரேலியா வண்டிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரில் காட்ட வேண்டும். பிரிட்டன் வண்டி மைல் கணக்கு என்பதை மறந்துவிடுகிறார்கள். ஹெட்லைட்டும் இடது ஓரம் போகும் சாலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ராத்திரியில் ஒரு வெள்ளைச் சுவருக்கு இருபத்தைந்து அடி தள்ளி வண்டியை நிறுத்தி, டிம் லைட்டைப் போடுங்கள். சுவரில் வெளிச்சத்தின் மேல் விளிம்பு ஒரு கோடாகத் தெரியும். நம்ம ஊர்ச் சாலைக்கான விளக்கு என்றால் அந்தக் கோடு இடது பக்கம் மேலே ஏறும். வலது பக்கம் ஏறினால், நான்கு வழிச்சாலை தாண்டி ஊருக்குள் திரும்பும்போது எதிரே பைக்கில் வருகிறவரின் கண்ணில்தான் அந்த வெளிச்சம் அடிக்கும்.

இப்போது தூத்துக்குடிக்கு வருவோம். திருநெல்வேலியில் இருந்து ஐம்பது கிலோமீட்டர்தான், பெரிய துறைமுகம், கன்டெய்னர் வராத நாளே கிடையாது. இருந்தும் பழைய கார் அங்கே இறங்க முடியாது. பழைய வண்டி இறக்குமதிக்குத் திறந்திருக்கும் ஒரே துறைமுகம் மும்பை. சென்னையும் கொச்சியும்கூட இதற்கு ஆகாது. இங்கே இருக்கிற எங்களில் யாராவது "பார்த்துக்கிடலாம், ஏத்துங்க" என்று சொன்னால் அவரிடம் சாமானைக்கூட ஒப்படைக்காதீர்கள். மும்பையில் இறங்கினாலும் நேரே ஊருக்கு ஓட்டிவர முடியாது. கப்பலில் ஏற்றும் முன்னே வெளிநாட்டில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்திடம் ஒரு சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். இறங்கிய பிறகு புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகன ஆராய்ச்சி நிறுவனம் போன்ற மையத்தில் வண்டியைச் சோதனைக்கு விட வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் இங்கே பி.எஸ். 6 புகை விதி நடைமுறையில் இருக்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வீட்டுச் சாமானோடு காரை ஏற்றுவது இன்னொரு தவறு. 1962ஆம் வருடச் சுங்கச் சட்டம் பேக்கேஜ் (baggage, பயணியின் சொந்தச் சாமான்) என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலேயே, மோட்டார் வாகனம் அதில் சேராது என்று எழுதி வைத்திருக்கிறது. ஊரைவிட்டுப் போய் பல வருடம் கழித்துத் திரும்புகிறவர்களுக்குக் கிடைக்கும் வரிச் சலுகை ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்ற வீட்டுச் சாமானுக்குத்தான். காருக்குத் தனியாக பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் கொடுக்கும் இறக்குமதிப் பத்திரம்) போட வேண்டும், முழு வரியும் கட்ட வேண்டும். "இருபது வருஷம் வெளிநாட்டுல இருந்தவனுக்கு ஒரு கார் ஃப்ரீ" என்று டீக்கடையில் சொல்வதை நம்பி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அந்த முழு வரி எவ்வளவு? இதைத்தான் யாரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. முதலில் விலை. அங்கே தெரிந்தவரிடம் ஒரு பில் எழுதி வாங்கி, "ஐந்து லட்சத்துக்கு வாங்கினேன்" என்று காட்டினால் எடுபடாது. வண்டி புதிதாக இருந்தபோது கம்பெனி விற்ற விலையில் இருந்துதான் சுங்கத்துறை ஆரம்பிக்கும். அதில் தேய்மானம் கழிப்பார்கள்: முதல் வருடம் மூன்று மாதத்துக்கு 4 சதவீதம், இரண்டாம் வருடம் 3, மூன்றாம் வருடம் 2.5. அப்புறம் கப்பல் கூலியையும் இன்சூரன்ஸையும் கூட்டுவார்கள்.

புதிதில் 20 லட்சம் விலை உள்ள வண்டி, வயது சரியாக இரண்டு என்று வைத்துக்கொள்வோம். தேய்மானம் 28 சதவீதம் போனால் 14 லட்சத்து 40 ஆயிரம். கப்பல் கூலி, இன்சூரன்ஸ் சேர்த்து ஒரு லட்சம் என்றால் 15 லட்சத்து 40 ஆயிரம். பழைய காருக்கு முன்பு அடிப்படைச் சுங்கவரியே 125 சதவீதமாக இருந்தது. 2025 பட்ஜெட்டில் அதை 70 ஆகக் குறைத்தார்கள். செய்தியைப் படித்துவிட்டு எனக்கு எத்தனையோ பேர் சந்தோஷமாக ஃபோன் செய்தார்கள். ஆனால் அதே கையோடு வேளாண் உள்கட்டமைப்பு மேல்வரி என்று 67.5 சதவீதம் சேர்த்துவிட்டார்கள். ஆக 137.5. இதற்கு மட்டும் 21 லட்சத்துக்கு மேல். பிறகு வண்டி விலையும் இந்த வரியும் சேர்ந்த தொகை மேல் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் இருக்கும் சின்ன வண்டிக்கு 18 சதவீதம், மற்ற பெட்ரோல், டீசல் வண்டிக்கு 40. பெட்ரோல் என்றால் 1200 சி.சி., டீசல் என்றால் 1500 சி.சி.யைத் தாண்டினாலும் சின்ன வண்டிக் கணக்கில் வராது. நம் உதாரண வண்டி 40 சதவீதத்தில் வந்தால் இன்னும் 14 லட்சத்து 63 ஆயிரம். மொத்த வரி ஏறக்குறைய 35 லட்சத்து 80 ஆயிரம். பதினைந்து லட்ச ரூபாய் வண்டி மும்பை கேட்டைத் தாண்டும்போது 51 லட்சம் ஆகிவிடுகிறது.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. திருநெல்வேலி ஆர்.டி.ஓ. ஆபீசில் டி.என். 72 நம்பரோ தென்காசியில் டி.என். 76 நம்பரோ வாங்கும்போது ஆயுள் வரி இருக்கிறது. 20 லட்சத்துக்கு மேல் விலை உள்ள புதுக் காருக்குத் தமிழ்நாட்டில் 20 சதவீதம். வண்டியின் வயதுக்கு ஏற்பக் கொஞ்சம் குறைப்பார்கள், ஆனால் சுங்கவரி சேர்ந்த விலைமேல்தான் கணக்கு. இந்தத் தொகையை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதே பணத்துக்கு வண்ணார்பேட்டை ஷோரூமில் என்ன வண்டி கிடைக்கும் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அந்தத் தாளை வீட்டில் எல்லோரும் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் கொண்டுவரத்தான் வேண்டும் என்றால், காரணம் வலுவாக இருக்கும். அப்போது நானே கூட நின்று வேலை செய்து தருவேன்.

சிலர் இன்னொரு வழி சொல்வார்கள்: ஊருக்குக் கிளம்பும் முன் அங்கே புதுக் கார் ஒன்று வாங்கி, புதியது என்று அனுப்பிவிடலாம் என்று. எந்த நாட்டிலாவது ஒருமுறை பதிவு ஆகிவிட்டால் அது புதிய வண்டி இல்லை. அவ்வளவுதான்.

கார்னே (carnet) என்ற தற்காலிக அனுமதிச் சீட்டு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆசை காட்டுவது அதுதான். துபாய் நம்பர் பிளேட்டோடு, இடது ஸ்டீயரிங்கோடு, கேரளத்தில் வண்டி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். சீசனுக்குக் குற்றாலத்தில்கூட ஒன்றிரண்டு நிற்கும். வெளிநாட்டில் குடியிருப்பவர் கொஞ்ச நாளுக்குத் தன் வண்டியோடு வந்துபோக ஏற்பட்ட அனுமதிச் சீட்டு அது. ஆறு மாதத்துக்குள் வண்டி திரும்பிப் போயாக வேண்டும். அந்த நாட்டு ஆட்டோமொபைல் சங்கம் உங்கள் டெபாசிட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஜாமீன் நிற்கிறது. வண்டி திரும்பாவிட்டால் நம் அரசு வரியைச் சங்கத்திடம் கேட்கும், சங்கம் உங்கள் டெபாசிட்டில் கை வைக்கும். ஒரேயடியாகத் திரும்பி வருகிறவருக்கு இந்தச் சீட்டு பொருந்தாது. அப்படி வந்த வண்டியை மச்சானிடம் விட்டுவிட்டுப் போவதும், விற்பதும் கடத்தல் கேஸில் கொண்டுபோய் நிறுத்தும்.

இங்கே செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவர்களும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். புளியரை தாண்டினால் கேரளம், அங்கே செகண்ட் ஹேண்டில் நல்ல வண்டி கிடைக்கும் என்று தென்காசிப் பக்கம் நிறையப் பேர் போய் வாங்குகிறார்கள். 2025 செப்டம்பரில் சுங்கத்துறை ‘ஆபரேஷன் நும்கூர்’ என்ற பெயரில் கேரளத்தில் சோதனை போட்டு, பூட்டான் வழியாகக் கடத்தி வந்ததாகச் சந்தேகப்பட்ட வண்டிகளைப் பறிமுதல் செய்தது. அவற்றில் பல, கைமாறிக் கைமாறி வந்தவை. இறக்குமதியான வண்டி என்றால் ஆர்.சி. மட்டும் போதாது. பில் ஆஃப் என்ட்ரி, வரி கட்டிய சலான் இரண்டையும் கேளுங்கள், சேஸிஸ் நம்பரை ஒத்துப் பாருங்கள். "அதெல்லாம் மும்பையில இருக்கு" என்றால் வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.

சின்னச் சின்ன தவறுகளும் உண்டு. அங்கே லோன் முடியாமல் வண்டியை ஏற்றப் பார்ப்பது. கம்பெனி பெயரில் உள்ள வண்டியைத் தன்னுடையது என்று நினைத்துக்கொள்வது. டிக்கியில் பாத்திரமும் துணியும் அடைத்து அனுப்புவது. சோதனையில் அதையெல்லாம் இறக்கி எண்ணி ஒவ்வொன்றுக்கும் கேள்வி வரும். சிங்கப்பூர்க்காரர்கள் செய்யும் ஒரு தவறு மட்டும் பெரியது: இங்கே எல்லாம் உறுதியாகும் முன்னே அங்கே பதிவை ரத்து செய்வது. ரத்து செய்த பிறகு அந்த வண்டியை அங்கே சாலையில் ஓட்ட முடியாது. ஏற்றுமதி செய்ய வேண்டும், இல்லையென்றால் உடைப்புக்குக் கொடுக்க வேண்டும்.

கடையநல்லூர்க்காரரின் வண்டிக்கு வயது நான்கரை. கன்டெய்னரில் சாமான் மட்டும் வந்தது, தூத்துக்குடியிலேயே இறக்கினோம்.

இதைப் படிக்கும்போதே உங்கள் கார் கப்பலில் இருக்கிறது என்றால், இன்றைக்கே கப்பல் கம்பெனிக்கு எழுதுங்கள். வழியில் வேறு துறைமுகத்தில் இறக்க முடியுமா, திருப்பி அனுப்ப என்ன ஆகும் என்று கேளுங்கள். இங்கே வந்து இறங்கிவிட்டால் நாளுக்கு நாள் டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறும். முப்பது நாளுக்குள் எடுக்காத சரக்கை, நோட்டீஸ் கொடுத்துவிட்டு விற்கச் சட்டம் இடம் தருகிறது. விதிக்குப் பொருந்தாத வண்டி என்றால் பறிமுதல், அதை மீட்க அபராதம், அதற்குமேல் தனியாக ஒரு தண்டம். வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது என்றாலும் ஒளிக்காமல், திருப்பி அனுப்ப அனுமதி கேட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். அதற்கு வேண்டிய தாள்கள்: வண்டி வாங்கிய பில், வெளிநாட்டுப் பதிவுச் சான்று, பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களும், கப்பல் ரசீது. இவற்றின் நகலை வண்டிக்குள் வைத்து அனுப்பிவிடாமல் கையோடு எடுத்து வாருங்கள்.