சைக்கிள் வாரம் நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிறு காலை பேரணி, டி-ஷர்ட், கொடியசைப்பு. சைக்கிள் வாரத்துக்கான பணமெல்லாம் பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடுகிறது. பேரணிக்கு வந்தவர்கள் எல்லாரும் திங்கட்கிழமை பழையபடி பைக்கில் வேலைக்குப் போகிறார்கள். வீட்டு மூலையில் காற்றிறங்கிக் கிடக்கும் சைக்கிளைத் தெருவுக்குக் கொண்டுவருவதே இந்த வாரத்தின் வேலை. அதை மனதில் வைத்தே திட்டமிடுங்கள்.

முதலில் தேதி. உலக சைக்கிள் தினம் ஜூன் 3 என்பதால் பலர் அந்த வாரத்தைப் பிடிக்கிறார்கள். சென்னையில் அப்போது கத்திரி முடிந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. பொங்கல் முடிந்து பிப்ரவரி வரை நல்ல காலம். ஆனால் ஜனவரியில் இங்கே விடிவதே ஆறரைக்கு. ஐந்தரைக்குப் புறப்பாடு என்று அறிவித்தால், விளக்கில்லாத சைக்கிள்களை இருட்டில் அனுப்புகிறீர்கள்.

அடுத்தது பழுதுபார்க்கும் முகாம். மற்ற எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். ஒரு பஞ்சருக்குக் கால் மணி நேரம் என்றால் மூன்று மணி நேரத்தில் ஒருவர் 12 சைக்கிள்தான் பார்க்க முடியும். ஒரே மெக்கானிக்கை உட்காரவைத்து 'அனைவருக்கும் இலவசம்' என்று நோட்டீஸ் அடித்தால் பாதிப் பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்புவார்கள். அந்தந்தத் தெரு சைக்கிள் கடைக்காரர்கள் இருவரை அரைநாள் கூலி கொடுத்து அழையுங்கள். காற்றடிக்கத் தனியாக ஓர் ஆள் வேண்டும்.

நெடுநாள் கிடந்த சைக்கிளில் பல நேரம் பஞ்சரே இருக்காது. பழைய வகை வால்வுக்குள் இருக்கும் வால்டியூப் என்ற சிறு ரப்பர் குழாய் இற்றுப்போயிருக்கும். காற்றடித்துவிட்டு வால்வு வாயில் ஒரு சொட்டு தண்ணீர் வையுங்கள். குமிழி வந்தால் வால்டியூபை மாற்றினால் போதும். பஞ்சரே என்றால் ட்யூபைத் தேய்த்து, சொல்யூஷன் பூசி, அது காய்ந்து பிசுக்குப் பதம் வந்த பிறகே பேட்ச் ஒட்ட வேண்டும். அவசரத்தில் ஈரத்தோடு ஒட்டியது வெயிலில் பிரிந்துவிடும். டயரின் உட்புறத்தைத் துணியால் தடவி முள்ளை எடுக்காவிட்டால் மறுநாளே அதே இடத்தில் மறுபடி பஞ்சர்.

பேரணி வைத்தே ஆக வேண்டுமா? 200 பேர் இருவர் இருவராகப் போனால் வரிசை அரைக் கிலோமீட்டர் நீளும். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சிக்னலைக் கடக்க இரண்டரை நிமிடம் ஆகும். நடுவில் சிவப்பு விழும், பின்னால் இருப்பவர்கள் பதறிப் பாய்வார்கள். 25 பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து மூன்று நிமிட இடைவெளியில் அனுப்புங்கள். ஒவ்வொரு குழுவிலும் முன்னே ஒருவர், கடைசியில் ஒருவர் பொறுப்பாளராக இருக்கட்டும். அனுமதி கேட்டு போக்குவரத்துக் காவல்துறைக்கு ஒரு மாதம் முன்பே கடிதம் கொடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஓட்டத் தெரிந்தவர்களை மட்டும் கூப்பிடுவது இன்னொரு தவறு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே அவர்கள் ஓட்டினார்கள். கற்றுக்கொடுக்க வேடிக்கை பார்ப்பவர்கள் இல்லாத மைதானம், மாலை நேரம், பெண் பயிற்றுநர் வேண்டும். சீட்டை இரண்டு பாதமும் தரையில் படும் அளவுக்கு இறக்கி, பெடலைக் கழற்றிவிட்டு, காலால் உந்திப் பழகவிடுங்கள். பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுவதைவிட இதில் பேலன்ஸ் சீக்கிரம் வரும்.

சந்தை, ரயில் நிலையம் போன்ற இடங்களில் நிறுத்த வசதி செய்யும்போது முன்சக்கரத்தை மட்டும் கவ்வும் ஸ்டாண்டு வேண்டாம். சைக்கிள் சாய்ந்தால் ரிம் கோணிவிடும். ஃப்ரேமோடு சேர்த்துப் பூட்டும்படி தலைகீழ் 'ப' வடிவக் குழாய் போதும், ஒன்றில் இரண்டு சைக்கிள் நிற்கும். நிழலில் வையுங்கள்.