கதவுக்குள் சளக்... அடைபட்ட ஓட்டையைக் கவனியுங்கள்

ஏற்காட்டில் ஒரு நாள் மழையில் நின்ற கார், அடிவாரம் நோக்கி இறங்கும்போது வளைவுக்கு வளைவு கதவுக்குள் 'சளக், சளக்' என்கிறதா? உள்ளே தண்ணீர் போனது கோளாறு இல்லை. வெளியே வராததுதான் கோளாறு.

கண்ணாடி ஏறி இறங்கும் இடத்து ரப்பர் பீடிங், மழைநீரை வழித்து விடுமே தவிர முழுசாகத் தடுக்காது. மிச்சம் கண்ணாடியை ஒட்டியே கதவுக்குள் இறங்கி, அடி மடிப்பிலுள்ள ஓட்டைகள் வழியே ஒழுகிவிடும். கதவைத் திறந்து குனிந்து தடவினால், விரல் நுனி அகலத்துக்கு இரண்டு மூன்று தட்டுப்படும்.

'இந்த ஓட்டை எதற்கு?' என்று எம்-சீல் வைத்து அடைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி அடைத்தால் கதவு தொட்டியாகிவிடும். தகடு உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் கொப்பளிக்கும்போது உள்ளே பாதி போயிருக்கும். ஓட்டையைத் திறக்காமல் டிங்கரிங் பார்த்து பட்டி போட்டால், பட்டிக்கான காசும் சேர்ந்து போகும். துரு பிடிக்காமலிருக்க வண்டியின் அடிப்பாகத்தில் அண்டர் கோட்டிங் அடிக்கும்போதும் இதே கதிதான், தெரியாமலே அடைபடும். ஓட்டைகள் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் உரித்தார்களா என்று பாருங்கள்.

அடைப்பெடுக்க ஸ்க்ரூ டிரைவர், கட்டுக்கம்பி வேண்டாம். விளிம்பில் பெயின்ட் கீறினால் துரு அங்கேதான் பிடிக்கும். பிளாஸ்டிக் கேபிள் டை, இல்லையென்றால் புல் வெட்டும் மெஷினின் நைலான் கயிறு போதும். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டு, அதன் அடியோரமாக ஒரு லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் கதவடியில் சொட்ட வேண்டும். முதலில் வருவது சேறாக இருந்தால், தெளியும் வரை ஊற்றுங்கள். வண்டி சமதளத்தில் நிற்கட்டும். சரிவில் நின்றால் தண்ணீர் தாழ்ந்த பக்கமே ஓடும், மேல்பக்க ஓட்டை அடைந்திருப்பது தெரியாது.

டூரிஸ்ட் வேன்களின் நகரும் கண்ணாடியில் கதை வேறு. அதன் கீழ்ச் சேனலில் வெளிப்பக்கமாக, தண்ணீர் வெளியேறச் சின்ன வெட்டுகள் இருக்கும். மலைமேல் சில்வர் ஓக் சருகும், கீழே மேக்னசைட் குவாரிப் பக்கத்து வெள்ளைத் தூசியும் சேர்ந்து நனைந்தால் பசையாகி அவற்றை அடைத்துவிடும். ஜன்னலோர சீட் நனைந்துவிடும். கண்ணாடி இறுகுகிறது என்று சேனலில் கிரீஸ் தடவாதீர்கள். தூசி அதில் ஒட்டிக்கொள்ளும், சில ரப்பர்கள் உப்பிவிடும். பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, காய்ந்தபின் சிலிக்கான் ஸ்பிரே அடித்தால் கண்ணாடி வழுக்கிக்கொண்டு போகும்.

ஓட்டை எல்லாம் சுத்தம், ஆனாலும் கால்மேட் ஈரமா? ஸ்பீக்கர் மாற்றியவர் கதவின் உட்புற மூடியான டோர் பேடுக்குப் பின்னாலுள்ள பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்துப் போட்டிருப்பார். கதவுக்குள் இறங்கும் தண்ணீரை கேபினுக்குள் விடாமல் காப்பது அந்த ஷீட்தான். புது ஷீட்டை, பசைபோல் ஒட்டும் பியூட்டைல் டேப்பால் சுற்றிலும் ஒட்டி, கீழ் விளிம்பைக் கதவுத் தகட்டுக்கு உட்பக்கமாகச் செருகச் சொல்லுங்கள்.