கருப்பு முடியை வீட்டிலேயே ப்ளீச் செய்பவர்களுக்கு

மதுரை வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் என் பார்லர். சித்திரைத் திருவிழா நெருங்கினால் காலேஜ் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். கேள்வி ஒன்றேதான்: "அக்கா, வீட்லயே ப்ளீச் பண்ணி ஒரே நாள்ல கோல்டன் ஆக்கிறலாம்ல?" "ஒரே நாள்ல ஆகாதும்மா. ஆகணும்னு நின்னா முடி நிக்காது" என்று சொல்லிவிட்டு, வீட்டில் செய்யத்தான் போகிறார்கள் என்றால் எப்படிச் செய்வது என்று உட்கார வைத்துச் சொல்வேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் முடி கருகருவென்று இருக்கக் காரணம் மெலனின். அதில் இரண்டு வகை உண்டு. கருமையும் பழுப்பும் தருவது ப்ளீச்சில் சீக்கிரம் கரையும், சிவப்பும் மஞ்சளும் தருவது பிடிவாதமாக நிற்கும். அதனால் கருப்பு முடி நேராக மஞ்சளுக்குப் போகாது. முதலில் செம்பழுப்பு, அப்புறம் செம்பு, ஆரஞ்சு, அதையும் தாண்டினால்தான் மஞ்சள். ஒவ்வொரு படி ஏறும்போதும் முடியின் புரதமும் கொஞ்சம் போகிறது. வீட்டில் செய்பவர்கள் செம்பு நிறத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது என் உறுதியான கருத்து. நம் நிறத்துக்கு அது அழகாகவும் இருக்கும், முடியும் தப்பிக்கும்.

சிலர் இதில் இறங்கவே வேண்டாம். நிரந்தர ஸ்ட்ரெய்ட்டனிங் செய்த முடி ஏற்கெனவே உள்ளுக்குள் உடைந்திருக்கும். அதன்மேல் ப்ளீச் போட்டால் பாதியில் ஒடியும். தலையில் புண், அரிப்பு, பொடுகு வெடிப்பு இருந்தால் ஆறட்டும். வீசிங் உள்ளவர்கள் ப்ளீச் பொடியின் பக்கமே போகாதீர்கள். அதிலுள்ள பெர்சல்ஃபேட் உப்பு மூச்சை இழுக்க வைக்கும். தலைக்கு 'கருப்பு மெஹந்தி' பாக்கெட் போட்டு வருபவர்களும் நில்லுங்கள். வெறும் மருதாணி என்றால் நிறம் ஆரஞ்சிலேயே நின்றுவிடும், அவ்வளவுதான். அவுரி கலந்தது பச்சையாகத் திரும்பலாம். உலோக உப்பு கலந்தது ப்ளீச்சோடு சேர்ந்தால் முடி சூடேறிப் புகையும். பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தாலும் நம்பிவிடாதீர்கள், கீழே சொல்லும் சோதனையை நம்புங்கள்.

சாமான் வாங்கும்போது தெளிவாகக் கேட்டு வாங்குங்கள். தண்ணீர்த் தொட்டிக்கும் சாக்கடைக்கும் போடும் ப்ளீச்சிங் பவுடர் வேறு, அது தலைப்பக்கமே வரக் கூடாது. முகத்துக்குப் போடும் ப்ளீச் க்ரீமும் இதற்கு ஆகாது. பார்லர் சாமான் கடையில் தலைமுடி ப்ளீச் பொடி என்றும், அதோடு கலக்கும் திரவத்துக்கு 20 வால்யூம் டெவலப்பர் என்றும் கேளுங்கள். 20 வால்யூம் என்றால் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. 30 என்றால் 9, 40 என்றால் 12. "நாப்பது போடுங்க, சட்டுனு ஏறும்" என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். வேகமாக ஏறுவது நிறம் மட்டுமில்லை, தலைத்தோலில் எரிச்சலும்தான். கூடவே பிளாஸ்டிக் கிண்ணம், பிரஷ், கையுறை, வாஸ்லைன், பழைய துண்டு. எவர்சில்வர் கிண்ணம், இரும்புக் கரண்டி எதுவும் கூடாது.

இனி சோதனை. இதைச் செய்யாமல் யாரும் தலையில் கை வைக்காதீர்கள்.

பிடரிக்கு மேலே உள்பக்கமாக, வெளியே தெரியாத இடத்தில், தீக்குச்சிக் கனத்துக்கு முடி எடுத்து வெட்டுங்கள். ஒரு முனையை நூலால் கட்டுங்கள். பாக்கெட்டில் சொன்ன அளவில் ஒரு ஸ்பூன் மட்டும் கலந்து முடியை அதில் அமுக்கி வையுங்கள். முதலில் கையுறையோடு தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ, ஆவி வந்தாலோ, பச்சை தட்டினாலோ அன்றோடு திட்டத்தைக் கைவிடுங்கள். நல்லபடியாக இருந்தால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஈரப் பஞ்சால் ஓர் ஓரத்தைத் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, நேரத்தையும் நிறத்தையும் தாளில் எழுதுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் செம்பும் பழுப்பும் ஒன்றாகத் தெரியும், ஏமாந்துவிடுவீர்கள். வேண்டிய நிறம் வந்ததும் அலசி, ஈரமாக இருக்கும்போதே இரு முனையையும் பிடித்து மெல்ல இழுங்கள். கொஞ்சம் நீண்டு, விட்டதும் பழையபடி சுருங்கினால் நல்ல முடி. இழுக்க இழுக்க நீண்டு அப்படியே தொங்கினாலோ, விரலில் கொழகொழத்தாலோ உங்கள் முடி இதைத் தாங்காது. அந்தத் தாளில் இருக்கும் நிமிடக் கணக்குதான் உங்கள் தலைக்கான கணக்கு. தோழிக்கு எத்தனை நிமிடம் என்பது உங்களுக்குப் பொருந்தாது.

அதே கலவையில் ஒரு பொட்டு முழங்கை மடிப்பில் வைத்து, சிறிது நேரத்தில் கழுவிவிட்டு, 48 மணி நேரம் பாருங்கள். தடித்தாலோ சிவந்தாலோ நிறுத்திவிடுங்கள்.

செய்யும் நாளுக்கு முந்தைய ஓரிரு நாள் தலைக்கு ஊற்ற வேண்டாம். தோலில் ஊறும் எண்ணெய்ப் பசை ஒரு காப்பு. முந்தின இரவு முடியில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் முடித் தண்டுக்குள் இறங்கிப் புரதம் போவதைக் குறைக்கிறது. அதைக் கழுவிவிட்டு ப்ளீச் போட வேண்டியதில்லை.

பொடியைக் கொட்டிக் கலக்கும்போது ஃபேனை நிறுத்துங்கள், இல்லையென்றால் தூள் மூக்கில் ஏறும். ஜன்னல் திறந்திருக்கட்டும். கெட்டித் தயிர் பதத்துக்குக் கலந்தால் வழியாது. நெற்றி ஓரம், காது, பிடரியில் வாஸ்லைன் தடவுங்கள். முதல்முறை செய்பவர்கள் முழுத் தலையும் போடாமல், காது மட்டத்துக்குக் கீழே நாலைந்து கற்றை மட்டும் எடுத்து, அடியில் ஃபாயில் வைத்துப் போடுங்கள். தோலில் படாது, பிடிக்காவிட்டால் வெட்டியும் விடலாம். வீட்டுக்கு இதுதான் சரி என்று நான் நினைக்கிறேன்.

முழுத் தலைக்கும் என்று முடிவு செய்தவர்கள் நான்கு பாகமாகப் பிரித்து, பின்பக்கத்துக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள். வேரிலிருந்து ஓர் அங்குலம் விட்டு, நடுமுடியிலிருந்து நுனிவரை முதலில் தடவுங்கள். வேர்ப்பகுதி கடைசியில். தலைச் சூட்டில் அங்கே வேகமாக வெளுக்கும். முதலிலேயே போட்டால் உச்சி மஞ்சளாகவும் கீழே பழுப்பாகவும் நிற்கும். அக்னி நட்சத்திர நாட்களில் மதுரை வெயில் 40 டிகிரியைத் தொடும்போது இன்னும் கவனம் வேண்டும். மொட்டை மாடியில் உட்காருவது, ஹேர் டிரையர் காட்டுவது இரண்டும் கூடாது. உள்ளறையில் இருங்கள், காலை வேளை நல்லது. லேசான நமநமப்பு இருக்கலாம். எரிகிறது என்றால் நேரம் பார்க்காமல் உடனே அலசுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி டாக்டரிடம் போங்கள். புருவத்துக்கும் இமைக்கும் எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள்.

உங்கள் தாளில் உள்ள நேரமோ, பாக்கெட்டில் உள்ள உச்ச நேரமோ, எது குறைவோ அதோடு நிறுத்துங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் வழுவழுப்பு போகும்வரை அலசி, மென்மையான ஷாம்பு, அப்புறம் தாராளமாக கண்டிஷனர். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் ஒரு குடம் எடுத்து வையுங்கள். ப்ளீச் போட்ட முடியில் உப்பு படிந்தால் சொரசொரக்கும். ஆரஞ்சு அதிகமாகத் தெரிந்தால் நீல ஷாம்பு, மஞ்சள் தெரிந்தால் ஊதா ஷாம்பு அடக்கும்.

மீந்த கலவையை மூடி வைக்காதீர்கள், வாயு சேர்ந்து டப்பா வெடிக்கும். நிறையத் தண்ணீர் விட்டுக் கொட்டுங்கள். வேர் கருப்பாக வளர்ந்து வந்ததும் புதிதாக வளர்ந்த பகுதிக்கு மட்டும் ப்ளீச் போடுங்கள். ஏற்கெனவே வெளுத்த முடிமேல் மறுபடியும் ஏறினால், பழையதும் புதியதும் சேரும் கோட்டில், சீப்பு வைத்ததும் ஒடியும்.