ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப் பல் பால் பல் அல்ல

மிட்டாய் தின்றால் சொத்தை வரும், இரவிலும் பல் துலக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அதை விட்டுவிடுகிறேன். பல் விஷயத்தில் பலர் செய்கிற, நம்புகிற சில தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

படிப்பை முடித்த கையோடு என் கிளினிக்கில் சேர்ந்திருக்கும் இளம் மருத்துவர், போன வாரம் ஏழு வயதுப் பையன் ஒருவனின் வாயைப் பார்த்துவிட்டு அவன் அம்மாவிடம், "பால் பல்தான்மா, விழுந்து முளைச்சிடும்" என்றார். பக்கத்து அறையில் இருந்த எனக்குக் கை ஓடவில்லை. கிளினிக் தொடங்கிய புதிதில் இதே வார்த்தைகளை நானும் ஓர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

எண்ணாமல் 'பால் பல்' என்று சொல்வது

நான் அன்று பார்த்த பெண் குழந்தைக்கும் ஏழு வயதுதான். கீழ்க் கடைவாய்ப் பல்லில் சின்னக் கறுப்புப் புள்ளி. வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள், நான் எண்ணிப் பார்க்கவில்லை. மூன்று வருடம் கழித்துக் கன்னம் வீங்கி வந்தபோது அந்தப் பல்லில் வேர் மட்டும்தான் மிச்சம். பிடுங்க வேண்டியதாயிற்று. "நீங்கதானே டாக்டர், விழுந்து முளைக்கும்னு சொன்னீங்க?" என்று அவள் அம்மா கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பத்து வயதில் ஒரு நிரந்தரப் பல் போனது போனதுதான். இன்றும் அதை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

இந்தத் தவறு ஏன் இத்தனை சுலபமாக நடக்கிறது? முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் ஆறு வயதுவாக்கில் முளைக்கிறது. அதற்காக எந்தப் பல்லும் ஆடுவதில்லை, விழுவதில்லை. பால் பற்களுக்குப் பின்னால், சத்தமில்லாமல் வந்து நிற்கும். பல் விழுந்தால்தான் புதுப் பல் என்று நினைத்திருக்கும் வீட்டில் அதை யாரும் கவனிப்பதில்லை.

பால் பற்கள் மொத்தம் 20; மேலும் கீழும், இடமும் வலமுமாகப் பக்கத்துக்கு ஐந்து. நடுக்கோட்டிலிருந்து விரல் வைத்து எண்ணுங்கள். முன்பல் விழுந்திருந்தால் அந்த இடைவெளியையும் ஓர் எண்ணாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறாவதாக நிற்பது நிரந்தரப் பல்.

அதன் மேல்புறத்தில் ஆழமான பள்ளங்கள் இருக்கும். பிஸ்கட் மாவு உள்ளே போனால் எளிதில் வராது. பாதி முளைத்த நிலையில் பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்திருப்பதால் பிரஷ் அதைத் தொடாமலே போய்விடும். அதனால் கன்னத்தின் பக்கமிருந்து பிரஷைக் குறுக்காக விட்டு, நீங்களே துலக்கிவிடுங்கள். வேரின் நுனி முழுதாக மூட ஒன்பது, பத்து வயதாகிவிடும். அதற்குள் சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டால் வேர் சிகிச்சையும் லேசில் முடியாது. பல் முளைத்ததுமே பள்ளங்களை சீலன்ட் என்ற பூச்சைப் பூசி மூடிவிடலாம். வலியில்லாத, ஊசியில்லாத வேலை.

அந்தப் பையனை மறுபடி நாற்காலியில் உட்காரவைத்து, இளம் மருத்துவரையே எண்ணச் சொன்னேன். ஆறு என்றதும் அவர் முகம் மாறியது. நல்லவேளை, சொத்தை மேலோட்டமாகத்தான் இருந்தது. அன்றே அடைத்து அனுப்பினோம்.

விழப் போகிற பல்லுக்கு எதற்குச் செலவு என்பது

கடைசிப் பால் பல் விழப் பத்து, பன்னிரண்டு வயதாகும். அதுவரை அடியில் வளரும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பது அதுதான். முன்கூட்டியே பிடுங்கினால் நான் மேலே சொன்ன ஆறு வயதுப் பல் முன்னால் சாய்ந்து அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். அப்புறம் கிளிப் போட அலைய வேண்டும்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும்

போகாது. பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு.

வலிக்கிற இடத்தில் ஆஸ்பிரின் மாத்திரையை வைப்பது

ஈறு வெந்துபோகும். வேண்டாம்.

ஈறில் ரத்தம் வந்தால் துலக்குவதை நிறுத்துவது

பெரும்பாலும் ஈறோரம் அழுக்கு படிந்திருப்பதால்தான் ரத்தம் வருகிறது. நிறுத்தினால் இன்னும் படியும். மென்மையான பிரஷால் தொடர்ந்து துலக்குங்கள். ஓரிரு வாரத்தில் குறையவில்லை என்றால் அந்த அழுக்கு இறுகிக் காரை கட்டியிருக்கலாம், ஸ்கேலிங் செய்து, அதாவது கருவியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஸ்கேலிங் செய்வதால் பல் ஆடிவிடாது. ஏற்கெனவே எலும்பு கரைந்து ஆடிக்கொண்டிருந்த பல்லின் ஆட்டம், காரை போனதும் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

துலக்கியதும் வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிப்பது

பேஸ்ட்டில் உள்ள, பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும் ஃபுளோரைடு கழுவிக்கொண்டு போய்விடும். நுரையைத் துப்பினால் போதும்.