மெயில் தேடும் பக்கம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு தேடல் பெட்டி, முடிவுகளின் பட்டியல், மெயிலைத் திறந்து படிக்க ஒரு பக்கம். இதைப் புதிதாகக் கட்ட உட்காருகிறவர்களுக்குக் கடவுச்சொல்லை எப்படிக் காப்பது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. மாட்டிக்கொள்வது வேறு இடங்களில். அதுவும் பெரும்பாலும் ஒரே இடங்களில்.

மூல மெயிலை அப்படியே இண்டெக்ஸ் செய்வது

பெரிய நஷ்டம் இதுதான். இண்டெக்ஸ் என்பது தேடுவதற்காக முன்கூட்டியே கட்டிவைக்கும் சொல் பட்டியல். மற்ற தவறுகள் திரையில் தெரிந்துவிடும். இதில் "முடிவுகள் இல்லை" என்று மட்டும் வரும். அப்படியொரு மெயில் வரவேயில்லை என்று பயனரும் நம்பிவிடுவார்.

சர்வரில் கிடப்பது நாம் படிக்கும் எழுத்து அல்ல. மெயிலை அனுப்புவதற்கேற்ற எழுத்துகளாக மாற்றும் முறைகளில் (என்கோடிங்) ஒன்றான பேஸ்64, மூன்று பைட்டை நான்கு எழுத்தாக்குகிறது. முன்னால் ஓர் இடைவெளி கூடினாலே அதே சொல் வேறு உருவம் எடுக்கும். கோட்டட் பிரிண்டபிள் என்ற இன்னொரு முறையில் வரி 76 எழுத்தைத் தாண்டக் கூடாது என்பதால், ஓரத்தில் '=' போட்டுச் சொல்லை நடுவில் உடைக்கும். ஆங்கில மெயிலில் மட்டும் சோதித்துப் பார்ப்பவருக்கு இது எளிதில் கண்ணில் படாது.

முதலில் மைம் பகுதிகளை, அதாவது வெறும் உரை, எச்டிஎம்எல் என மெயில் பிரிந்திருக்கும் துண்டுகளை, பிரியுங்கள். ஒவ்வொன்றின் என்கோடிங்கையும் அவிழ்த்து, அதில் குறித்துள்ள கேரக்டர்செட் (எந்த எண் எந்த எழுத்து என்ற அட்டவணை) படி யூனிகோடாக்கி, என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவுக்குக் கொண்டுவந்த பிறகே இண்டெக்ஸ். 'கொ' என்பதன் துணைக்குறி ஒரே குறியீடாகவும் வரும், இரண்டாகப் பிரிந்தும் வரும். பார்வைக்கு ஒன்று, தேடலுக்கு இரண்டு. பயனர் தட்டும் சொல்லையும் என்எஃப்சி ஆக்காவிட்டால் செய்த வேலை வீண்.

வெறும் உரைப் பகுதி இருக்கிறதே என்று எச்டிஎம்எல்லை விட்டுவிடாதீர்கள். பல விளம்பர மெயில்களில் அந்த உரை "பிரவுசரில் பார்க்கவும்" என்ற ஒற்றை வரிதான். இரண்டையும் சேருங்கள், ஸ்டைல் பகுதியை வெட்டிவிட்டு.

இத்தனைக்கும் பிறகு, உரையைச் சொற்களாக வெட்டும் டோக்கனைசர் கவிழ்க்கும். எஸ்கியூலைட் டேட்டாபேஸின் தேடல் பகுதியான எஃப்டிஎஸ்5-இன் இயல்பான டோக்கனைசர் யூனிகோட்61, எழுத்தையும் எண்ணையும்தான் சொல்லின் பகுதியாக எடுக்கும். நம் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் யூனிகோடில் 'மார்க்' வகை. அவை வரும் இடமெல்லாம் சொல் அறுபடும். 'அஞ்சல்', 'அஞ்சலி' இரண்டுமே 'அஞ', 'சல' என்று பதிவாகும். டேபிளை உருவாக்கும்போதே கேட்டகரீஸ் விருப்பத்தில், ஏற்கெனவே உள்ள வகைகளோடு எம்என், எம்சி என்ற இரு மார்க் வகைகளையும் சேர்க்க வேண்டும். பிறகு நினைவு வந்தால் முழு இண்டெக்ஸையும் மறுபடி கட்ட வேண்டியதுதான். அதற்காகவாவது மூலக் கோப்புகளைத் தொடாமல் வைத்திருங்கள்.

மெயிலின் எச்டிஎம்எல்லை உங்கள் பக்கத்தில் கொட்டுவது

அது முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய நிரல். பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் ஐஃப்ரேமில், அதன் அனுமதிகளைக் கட்டுப்படுத்தும் சாண்ட்பாக்ஸ் பண்புடன் போடுங்கள். ஸ்கிரிப்ட்டுக்கும் சேம் ஆரிஜினுக்கும் (உங்கள் தளத்தின் பக்கமாகவே நடத்தப்படுவதற்கும்) அனுமதி தராதீர்கள். கூடவே எல்லாவற்றையும் தடுக்கும் சிஎஸ்பி, அதாவது எதை ஏற்றலாம் என்று பிரவுசருக்குச் சொல்லும் விதி. ஆனால் இன்லைன் ஸ்டைலையும் மெயிலுக்குள்ளேயே பொதிந்த டேட்டா யூஆர்எல் படங்களையும் அதில் அனுமதிக்காவிட்டால் பாதி மெயில்கள் குலைந்துபோய்த் தெரியும். வெளிப் படங்கள் பயனர் கேட்டால் மட்டும். அவற்றை ஏற்றியதுமே மெயில் திறக்கப்பட்டது அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும்.

ஐமேப் வரிசை எண்ணைப் பக்கத்தின் யூஆர்எல்லில் வைப்பது

சர்வரிலிருந்து மெயிலை எடுக்கும் வழிமுறையான ஐமேப் தரும் வரிசை எண், ஃபோல்டரில் மெயில் நிற்கும் இடம்தான். ஒரு மெயில் நீங்கினால் அதற்குப் பின்னுள்ள எண்களெல்லாம் நகரும், நேற்றைய இணைப்பு இன்று வேறு மெயிலைத் திறக்கும். ஃபோல்டர் பெயர், யூஐடி (ஃபோல்டரில் ஒவ்வொரு மெயிலுக்கும் தரும் நகராத எண்), யூஐடிவேலிடிட்டி (அந்த எண்கள் இன்னும் செல்லுமா என்று காட்டுவது) மூன்றும் சேர்ந்தால்தான் அடையாளம்.

அனுப்பியவர் போட்ட தேதியில் வரிசைப்படுத்துவது

அவர் கணினியின் கடிகாரம் 2037 என்று சொன்னால் அந்த மெயில் என்றைக்கும் உச்சியில்தான். மெயில் வந்து சேர்ந்ததாக சர்வர் குறித்த இன்டர்னல்டேட்டை எடுங்கள்.

தேடலை போஸ்ட்டில் அனுப்புவது

போஸ்ட்டில் தேடும் சொல் யூஆர்எல்லில் இருக்காது, கெட்டில் இருக்கும். கெட் போதும், பேக் பட்டன் வேலை செய்யும்.

இண்டெக்ஸ் செய்யும்போதே 'படித்தது' ஆக்கிவிடுவது

ஐமேப்பில் பாடி என்று கேட்டால் சர்வர் 'படித்தது' என்று குறித்துவிடும். பாடி.பீக் என்று கேளுங்கள்.