பழைய டிஎஸ்எல்ஆர் வாங்குகிறீர்களா? பாடியை விட்டு லென்ஸைப் பாருங்கள்

கல்யாண போட்டோகிராபர்கள் பலரும் மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகைக் கேமரா) மாறிவிட்டதால், நல்ல டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் இப்போது குறைந்த விலைக்கு வருகின்றன. கற்றுக்கொள்ளும் ஒருவருக்கு இது அருமையான வாய்ப்பு. ஆனால் கையில் கொஞ்சம் பணத்தோடு வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பாடியைத்தான் (லென்ஸ் நீங்கலான கேமரா) திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். அதோடு வரும் லென்ஸை யாரும் சோதிப்பதில்லை. பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

விற்பவரிடம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "ஷட்டர் கவுண்ட் எவ்வளவு?" அதாவது, படம் எடுக்கத் திறந்து மூடும் ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்ற கணக்கு. கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். நிக்கான் டி7000-இன் ஷட்டர் 1,50,000 முறை வரை சோதிக்கப்பட்டது என்றால், அதைத் தாண்டியதும் நின்றுவிடும் என்று பொருளல்ல. அதுவரை கட்டாயம் ஓடும் என்றும் பொருளல்ல. நிக்கானில் இந்த எண் படத்தின் ஃபைலுக்குள்ளேயே பதிவாகும். ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் அந்தத் தகவல் அழிந்துபோயிருக்கும். அதனால் உங்கள் மெமரி கார்டைப் போட்டு நீங்களே ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கேனானின் பெரும்பாலான மாடல்கள் இதைப் படத்தில் எழுதுவதே இல்லை; கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்துத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று: மணிக்கணக்காக வீடியோ எடுத்தாலும் ஷட்டர் கவுண்ட் ஏறாது. எண் குறைவாக இருக்கிறது என்பதற்காகக் கேமரா அதிகம் உழைக்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

சரி, லென்ஸுக்கு வருவோம். சென்னை மாதிரி கடலோர ஊர்களில் கேமராப் பையிலேயே மாதக்கணக்கில் கிடந்த லென்ஸுக்குப் பெரிய எதிரி பூஞ்சை. வெளியிலிருந்து பார்த்தால் கண்ணாடி பளபளவென்று இருக்கும். பாடியிலிருந்து கழற்றி, இரண்டு பக்க மூடியையும் எடுத்துவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். நிக்கான் லென்ஸ் என்றால் பின்புறம் இருக்கும் சின்ன லீவரைத் தள்ளினால்தான் உள்ளே துளை முழுதாகத் திறக்கும். நான்கைந்து தூசு தெரிந்தால் கவலைப்பட வேண்டாம், அது படத்தில் வராது. சிலந்தி வலை போல இழைகள் கிளைத்திருந்தாலோ, பனி படர்ந்தது போல மங்கலாக இருந்தாலோ வாங்காதீர்கள். "சர்வீஸ் பண்ணிட்டா போயிடும்" என்பார்கள். பூஞ்சை கண்ணாடியின் கோட்டிங்கை அரித்திருந்தால் துடைத்தாலும் தடம் போகாது. கேமராவோடு சேர்த்தே விற்கும் 18-55 கிட் லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்யும் கூலிக்கு இன்னொரு கிட் லென்ஸே கிடைத்துவிடலாம்.

அடுத்த தவறு, பொருந்தாத லென்ஸ். நிக்கானின் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் லென்ஸைத் தானாக ஃபோகஸ் செய்யும் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று, தனக்குள் மோட்டார் இல்லாத 50 எம்எம் எஃப்/1.8டி லென்ஸை டி3300-இல் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். அதே லென்ஸ் டி90, டி7000, டி7100-இல் தானாகவே ஃபோகஸ் ஆகும். பட்ஜெட் குறைவு என்றால், பழைய டி7000-ஐயே நான் தேர்ந்தெடுப்பேன்; மலிவான பழைய லென்ஸ்கள் ஏராளம் அதற்குக் கைகொடுக்கும். மோட்டார் இல்லாத பாடிக்கு ஏஎஃப்-எஸ் (லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ளது) லென்ஸ் வாங்குங்கள். ஏஎஃப்-பி என்று போட்டிருந்தால், அதிலும் உள்ளே மோட்டார் உண்டு என்றாலும், நின்று யோசியுங்கள். டி3200, டி5100 போன்ற மாடல்களில் அது ஃபோகஸ் ஆகாது. கேனானில் இந்த மோட்டார் சிக்கல் இல்லை. ஆனால் 1500டி, 3000டி இரண்டிலும் ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் நடுவில் இருக்க வேண்டிய மின் தொடர்புப் புள்ளி இல்லை. அதனால் பிற கம்பெனிகளின் மலிவான ஃபிளாஷ்கள் பலவும் அவற்றில் எரியாது.

நேரில் பார்க்கும்போது எஃப்/22 (லென்ஸின் துளை மிகச் சிறிதாகும் அளவு) வைத்து, ஃபோகஸைக் கலைத்துவிட்டு, வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் அது சென்சாரில் (படம் பதியும் சில்லு) உள்ள அழுக்கு. சுத்தம் செய்துவிடலாம், விலையில் குறைத்துக் கேளுங்கள். 2012-இல் வந்த நிக்கான் டி600-இல் மட்டும் இதை லேசாக விடக் கூடாது. சென்சாரில் புள்ளிகள் திரும்பத் திரும்பச் சேர்கின்றன என்ற புகாரால் 2014-இல் நிக்கான் அதன் ஷட்டரை இலவசமாகவே மாற்றித் தந்தது. அப்படி மாற்றிய சர்வீஸ் தாள் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அப்புறம், ஒரே பொருளை வ்யூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் துளை) வழியாக ஒன்று, லைவ் வ்யூவில் (பின்புறத் திரையில் பார்த்து) ஒன்று என்று இரண்டு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். வ்யூஃபைண்டர் படம் மட்டும் ஒவ்வொரு முறையும் மங்கினால் ஃபோகஸ் தள்ளிப் பிடிக்கிறது. டி7000-இல் மெனுவிலேயே இதைச் சரிசெய்யலாம். டி3000 வரிசையில் அந்த வசதி இல்லை, சர்வீஸுக்குத்தான் போக வேண்டும்.

நேரில் பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்பவே அனுப்பாதீர்கள், விற்பவர் எந்த அவசரம் சொன்னாலும். பில்லில் உள்ள சீரியல் நம்பர் பாடியின் அடியில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். பில் இல்லை என்றால் திருட்டுக் கேமராவாக இருக்கவும் வாய்ப்புண்டு. கிளம்பும் முன் பேட்டரியையும் பார்த்துவிடுங்கள்: டி7000 மெனுவில் பேட்டரியின் வயது 0 முதல் 4 வரை காட்டும். 4 என்றால் புதிய ஒரிஜினல் பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.